தறி நம்ம வீட்டுல, நூல் யாரோடது?

பிளேஸ்மென்ட் சீசன் தொடங்கிவிட்டது. ஹாஸ்டலில் இப்போது இரண்டு கோஷ்டி. ஒன்று ஆப்டிட்யூட் புத்தகத்தோடு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, "யாருக்குடா கைகட்டி நிக்கணும்? லேப்டாப் இருக்கு, நெட் இருக்கு, ஃப்ரீலான்ஸ் பண்ணிக்கலாம்" என்கிறது.

நீங்கள் இரண்டாவது கோஷ்டி என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நானும் அந்தக் கோஷ்டிதான். இரண்டாம் வருஷத்திலிருந்து வெப்சைட் செய்து கொடுத்துக் கொஞ்சம் காசு பார்க்கிறேன். அதனால் பயமுறுத்த வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாகணும். நாம் ஃப்ரீலான்ஸ் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் பாதி, முதலாளி கண்ணுக்குத் தெரியாத கூலி வேலை.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் கஸ்டமர் கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜ். வெப்சைட்டுக்கு 3,000 ரூபாய் பேசினேன். கையில் வந்தது ஆயிரம். "கலர் கொஞ்சம் மாத்துங்க தம்பி", "கோபுரம் இன்னும் பெருசா தெரியணும் தம்பி" என்று பதினோரு முறை மாற்றிக் கொடுத்தேன். மீதிப் பணம் கேட்டால், "பௌர்ணமி முடியட்டும், பாத்துக்கலாம்." எத்தனையோ பௌர்ணமி முடிந்தது. லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் சுற்றிவிட்டு ஊருக்கும் போய்விட்டார்கள். என் 2,000 ரூபாய் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் மேல் கோபம் உண்டு. ஆனால் எத்தனை முறை திருத்தித் தருவேன், பணம் எப்போது தரணும் என்று ஒரு வரிகூட எழுதி வாங்காதது என் தப்பு.

இரண்டாவது அனுபவம் இதைவிட முக்கியம். சென்னையில் ஒரு சின்ன டிசைன் ஏஜென்சி கிடைத்தது. மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாமல் வேலை வந்தது. எட்டு மாதம் ராஜா மாதிரி இருந்தேன். செமஸ்டர் ஃபீஸ் நானே கட்டினேன். அந்த எட்டு மாதத்தில் வேறு ஒருத்தரையும் தேடவில்லை. தேடி வந்த இரண்டு பேரையும் "பிஸி" என்று அனுப்பிவிட்டேன். ஒருநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "இனிமே ப்ராஜெக்ட் இல்ல ப்ரோ." அவ்வளவுதான். நோட்டீஸ் கிடையாது, செட்டில்மென்ட் கிடையாது.

அந்த வாரம் ஆரணியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா பட்டு நெசவாளர். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆரணிப் பட்டு பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புலம்பித் தீர்த்தேன். அவர் தறியை விட்டு எழாமலே சொன்னார்: "இந்தத் தறி என் வீட்டுலதான் இருக்கு. எப்ப வேணா எழுந்திரிப்பேன், எப்ப வேணா படுப்பேன். ஆனா பாவு, ஊடை, ஜரிகை, டிசைன் எல்லாம் முதலாளி குடுக்கறது. சேலைக்கு இவ்வளவுன்னு கூலியும் அவர் சொல்றதுதான். நூல் வரலைன்னா தறி சும்மா கிடக்கும். நீயும் அப்படித்தானேடா இருந்திருக்க?"

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. லேப்டாப் என் வீட்டில். வேலை, விலை, கெடு எல்லாம் இன்னொருத்தர் கையில்.

ஆன்லைன் தளங்களுக்கும் இது பொருந்தும். ஃபைவரில் 100 டாலர் வேலை முடித்தால் 20 டாலர் தளத்துக்குப் போய்விடும். அது பரவாயில்லை, கஸ்டமரைக் கொண்டுவந்து விடுகிறார்களே. கவலை என்னவென்றால், உங்கள் ரேட்டிங், பழைய வேலைகளின் பட்டியல், கஸ்டமர் தொடர்பு எல்லாமே அங்கேதான் இருக்கும். அக்கவுன்ட் முடங்கினால் மறுநாள் நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆரம்பிக்க அது நல்ல இடம். அங்கேயே குடியிருக்கக் கூடாது.

அதனால் "பிசினஸ் வளருது" என்பதற்கு நான் இப்போது வேறு கணக்கு வைத்திருக்கிறேன். மாத வருமானம் எவ்வளவு என்று முதலில் பார்ப்பதில்லை. ஒரே கஸ்டமரிடமிருந்து பாதிக்கு மேல் வருகிறதா என்று பார்க்கிறேன். ஆம் என்றால் அந்த மாதம் எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் நான் வளரவில்லை. நான்கு பேரிடமிருந்து ஆளுக்கு 4,000 வருவது, ஒருத்தரிடமிருந்து 20,000 வருவதைவிடத் தெம்பு. நாலு பேரில் ஒருத்தர் அடாவடி பண்ணினால் "முடியாது சார்" என்று சொல்ல முடியும். அந்த "முடியாது" சொல்கிற தைரியம்தான் ஃப்ரீலான்ஸில் இருக்கிற 'ஃப்ரீ'. மற்றதெல்லாம் ஸ்டேட்டஸ் போட மட்டும்தான் உதவும்.

அடுத்தது விலை. நம்மில் பலர் மணிக்கு 100 ரூபாய் என்று மனம்போனபடி சொல்லிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்க. மாதம் 20,000 வீட்டுக்கு வேண்டும். கரன்ட், நெட், லேப்டாப் தேய்மானம், மெடிக்கல் என்று இன்னொரு 5,000. மாதம் 160 மணி நேரம் உட்கார்ந்தாலும், ஆள் தேடுவது, கொட்டேஷன் அனுப்புவது, திருத்தம், பணம் கேட்டுப் போன் போடுவது என்று பாதி போய்விடும். காசு வருகிற நேரம் 80 மணிதான். 25,000-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 312 ரூபாய். நூறு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டால் மீதி 212 ரூபாயை நீங்களோ உங்கள் அப்பாவோ கஸ்டமருக்கு நன்கொடையாகக் கொடுக்கிறீர்கள்.

மூன்றாவது, காகிதம். பாதிப் பணம் முன்பணம், இரண்டு முறைக்கு மேல் திருத்தம் என்றால் தனிக் கட்டணம், கடைசித் தேதி. இந்த மூன்றையும் மெயிலில் எழுதி "ஓகே" வாங்கிவிட்டு வேலையைத் தொடுங்க. நிறையப் பேருக்குத் தெரியாத இன்னொன்று, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம். 'உத்யம்' இணையதளத்தில் பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, வேலை வாங்கிய நிறுவனம் அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி சேரும். புகார் செய்ய இணையதளமும் இருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஒருத்தர் ஏமாற்றிய பிறகு ஓடாதீங்க, வேலை எடுப்பதற்கு முன்பே பதிந்து வைங்க. ஜிஎஸ்டி பயமும் இப்போதைக்கு வேண்டாம். சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டும்போது யோசித்தால் போதும். கம்பெனி வரி பிடித்துக்கொண்டு பணம் தந்தால் மட்டும் ரிட்டர்ன் போட மறக்காதீங்க. வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லையென்றால் அது உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணம்.

சரி, இவ்வளவு தொல்லைக்கு எதற்கு இது? மனநிறைவு என்று ஒன்று இருக்கிறதா?

எனக்கு இருக்கிறது. திருவூடல் தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு சரக்கு இருப்பு பார்க்க ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். பெரிய கம்பெனி ப்ராஜெக்டோடு ஒப்பிட்டால் தூசு. ஆனால் அந்த அண்ணன் திப்பிலி எவ்வளவு மீதி இருக்கிறது என்று அதில் பார்த்துச் சொல்வதைத் தெருவில் நின்று நானே பார்த்திருக்கிறேன். ஒரு பட்டன் தப்பான இடத்தில் இருப்பது அவர் விரல் தடுமாறியபோதுதான் புரிந்தது. அன்றைக்கே மாற்றினேன். நான் செய்ததை யார் பயன்படுத்துகிறார் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்வது, எனக்கு ஏஜென்சியின் எட்டு மாதத்தில் ஒருநாள்கூடக் கிடைக்காதது.

இதற்காக வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் அடிமைகள் என்று சொல்கிற ரகம் இல்லை நான். எழுத்தாளர் அசோகமித்திரன் 1952-இல் ஜெமினி ஸ்டுடியோவில் சேர்ந்து, 1966-இல் அதை விட்டு வந்து எழுத்தையே தொழிலாக்கிக்கொண்டார். நம்ம துறைக்காரர் சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினியராக இருந்துகொண்டே எழுதினார். வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. இருவரில் யார் குறைச்சல்? ஒருவர் விட்டார், ஒருவர் விடவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்ததில் இருவரும் ஒன்று.

வீட்டில் கல்விக் கடன் இருக்கிறது, முதல் பட்டதாரி, தங்கை படிக்கிறாள் என்றால் ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொள்ளுங்க. அதில் எந்த அவமானமும் இல்லை. சனி ஞாயிறில் ஒரு கஸ்டமரைப் பிடித்து வைங்க. ஆறு மாதச் செலவுக்குப் பணமும் மூன்று நிலையான கஸ்டமர்களும் சேரும்வரை வேலையை விடாதீங்க. பௌர்ணமிக்குக் கடை போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும், அந்த ஒரு ராத்திரி வியாபாரத்தை வைத்து யாரும் மாசம் முழுக்க வீட்டு வாடகைக்குக் கணக்குப் போடுவதில்லை.

கூட்டாளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்க. நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்தது சும்மா இல்லை. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் நிற்கிறது. ஒருத்தர் டிசைன், ஒருத்தர் கோடிங், ஒருத்தர் கணக்கு வழக்கு என்று மூன்று பேர் சேர்ந்தால், ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலும் கஸ்டமருக்குச் சொன்ன தேதி தப்பாது.

நானும் இப்போது அப்படித்தான். மூன்று பேர், ஐந்து கஸ்டமர், எல்லோருமே நம் ஊரும் சுற்று வட்டாரமும். போன மாதம் அந்தச் சென்னை ஏஜென்சி மறுபடியும் மெசேஜ் போட்டது: "அர்ஜென்ட் வேலை இருக்கு ப்ரோ." கொட்டேஷன் அனுப்பினேன். பாதி முன்பணம், இரண்டு திருத்தம் என்று தெளிவாக எழுதி. இன்னும் பதில் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.