கூலரை எங்கே மாட்டுறதுன்னு கேட்டா, வண்டி எங்கே நிக்குதுன்னு கேளுங்க

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கிற பதிவு. சினிமா, அரசியல், கவிதை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கவும். வடசென்னைக்காரன் எழுதினா லாரி வராம இருக்குமா :-)

மேட்டர் இதுதான். எங்க ஏரியா பட்டறைகள்ல கொஞ்ச நாளா ஒரு வழக்கம் பரவுது. வண்டி ஹீட் ஆகுதுன்னு சொன்னா உடனே "ஒரு ஆயில் கூலர் போட்டுடலாம் தலைவா"ன்னு சொல்லி, ரேடியேட்டருக்கு முன்னாடி கிரில்லுக்குள்ள ஒண்ணைச் சொருகிடறாங்க. கேட்டா "காத்து அங்கதானே அடிக்குது"ன்னு பதில். என் கருத்து: துறைமுகத்துக்குப் போற வண்டிக்கு இது பல நேரம் தப்பான இடம். ஏன்னு சொல்றேன்.

நம்ம ஊருக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவு பழசு. 1948-ல ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ் எண்ணூர்ல ஆஸ்டின் கார் பூட்டுச்சு. 1955-ல அசோக் லேலண்டுன்னு பேர் மாறுச்சு. அதே 1955-ல திருவொற்றியூர் பக்கம் என்ஃபீல்டு புல்லட் வந்துச்சு. ஆக கூலரைப் பத்திப் பேச எங்களுக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு வெச்சுக்கங்க.

முதல்ல புல்லட் கம்பெனி சமாசாரத்தையே பாப்போம். 2018-ல வந்த இன்டர்செப்டர் 650-ல ஆயில் கூலர் எஞ்சினுக்கு முன்னாடி, முன்சக்கரத்துக்குப் பின்னாடி தொங்கும். ஃபேன் கிடையாது. ஓடுற வண்டிக்கு அது சரியான இடம். எதிர்க்காத்து மொத்தமும் அதுக்குத்தான். ஆனா சிக்னல்ல பத்து நிமிஷம் நின்னா அந்தக் கூலர் சும்மா ஒரு இரும்புக்கடைச் சாமான் மாதிரிதான். காத்து நகர்ந்தாதானே சூடு போகும்?

இப்ப இதை எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில வரிசையில நிக்கிற கன்டெய்னர் டிரைலருக்குப் போட்டுப் பாருங்க. கப்பல் நெருக்கமா வர்ற நாள்ல வண்டி ஓடுறதைவிட நிக்கிறதும் ஊர்றதும்தான் அதிகம். வேகத்துல வர்ற காத்து அவனுக்கு இல்ல. ரேடியேட்டர் ஃபேன் இழுக்கிற காத்து ஒண்ணுதான் மொத்த சொத்து. அந்தக் காத்தை யாருக்கு எவ்வளவு பங்கு போடுறதுங்கிறதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு. மே மாசம் வெளிக்காத்து 40 டிகிரின்னு வைங்க. ரேடியேட்டர் தண்ணி 95. வித்தியாசம் 55. இந்த வித்தியாசம்தான் சூட்டை வெளியே தள்ளுது. முன்னாடி ஒரு கூலரை மாட்டி, அது காத்தை 50-க்குச் சூடாக்கி அனுப்பினா, ரேடியேட்டருக்கு வித்தியாசம் 45. கிட்டத்தட்ட 18 சதவீதம் போச்சு. இது சூடு மட்டும். கூலர் அடைக்கிற காத்தோட அளவு தனிக் கணக்கு. ஆயிலைக் காப்பாத்தப் போய் எஞ்சின் தண்ணியைக் கொதிக்க விட்ட கதை.

சரி, ரேடியேட்டருக்குப் பின்னாடி மாட்டிடலாமான்னா அதுவும் உதவாது. ஆயில் 110 டிகிரி, நல்ல காத்து 40 டிகிரின்னா வித்தியாசம் 70. ரேடியேட்டரைத் தாண்டி வர்ற காத்து 65 இருந்தா வித்தியாசம் 45-தான். மூணுல ஒரு பங்குக்கு மேல பலன் காலி.

அப்ப எங்கதான் மாட்டுறது? என் வரிசை இது:

ஒண்ணு, மாட்டுறதுக்கு முன்னாடி வேணுமான்னு கேளுங்க. பெரிய டீசல் எஞ்சின்கள்ல ஆயில் கூலர் பெரும்பாலும் பிளாக் பக்கத்துலயே இருக்கு. ரேடியேட்டர் தண்ணிதான் அதைக் குளிர வைக்கும். காலையில ஆயிலைச் சீக்கிரம் சூடேத்தவும் அதே தண்ணி உதவும். இந்த வண்டி ஹீட் ஆனா முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஃபேன் கிளட்ச், அடைச்ச ரேடியேட்டர் மேல வரணும். இதைப் பாக்காம கூலர் போடுறது காய்ச்சல்காரனுக்கு விசிறி வாங்கித் தர்ற மாதிரி.

ரெண்டு, கையில கியர் போடுற டிரைலருக்குக் கியர் ஆயில் கூலர் விக்கிறவங்களை நம்பாதீங்க. ஊர்ற வரிசையில அங்க எரியறது கிளட்ச். அதுக்குக் கூலர் மருந்து இல்ல. டார்க் கன்வெர்ட்டர் வெச்ச வண்டிதான் மெதுவா ஊரும்போது ஆயிலை வறுத்தெடுக்கும். யார்டுக்குள்ள கன்டெய்னர் தூக்கற ரீச் ஸ்டாக்கர் அந்த ஜாதி. கார்ல ஆட்டோமேட்டிக் வெச்சிருக்கறவங்களும் காது குடுங்க.

மூணு, உண்மையிலேயே வேணும்னா, ரேடியேட்டர் காத்துல பங்கு கேக்காத இடமா பாருங்க. சேசிஸ் பக்கவாட்டுல, சைலன்ஸர் இல்லாத பக்கம், டயர் சேறு அடிக்காத உயரத்துல, சொந்தமா ஒரு எலக்ட்ரிக் ஃபேனோட. வண்டி நின்னாலும் அது சுத்தும். பம்பருக்குக் கீழ மட்டும் வேணாம். எங்க ரோட்டுப் பள்ளமும் மழைத்தண்ணியும் முதல் நாளே அதை முத்தமிடும்.

நாலு, இடமே இல்லாம முன்னாடிதான் வரணும்னா, ரேடியேட்டர்ல ஒட்டி டேக் போட்டுக் கட்டாதீங்க. உரசி ஓட்டை விழும். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விட்டு, ஓரத்துல தகடோ ஃபோமோ வெச்சு அடைங்க. அடைக்காட்டி, நிக்கிற வண்டியில எஞ்சின் பக்கத்துச் சூடான காத்து சுத்தி வந்து மறுபடி முன்னாடியே புகுந்துடும். வரிசையில நிக்கும்போது ஹீட் ஆகறதுக்கு இந்தச் சுத்திவர்ற காத்து ஒரு முக்கியக் காரணம். யாரும் கண்டுக்கறதே இல்ல.

அஞ்சு, ஆட்டோமேட்டிக் கார்ல ஆயில் முதல்ல ரேடியேட்டர் தொட்டிக்குள்ள இருக்கிற கூலருக்குப் போய், அப்புறம் வெளிக் கூலருக்கு வந்து, அங்கேர்ந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பட்டும். கடைசியா தொடறது குளுமையானதா இருக்கணும். தொட்டிக்குள்ள இருக்கிற கூலர் ஓட்டையாச்சுன்னா தண்ணியும் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் கலர்ல வரும். பாத்தா அழகா இருக்கும், பில்லு பாத்தா அழுகை வரும்.

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டுச் சரக்குன்னு நினைக்கறவங்க காசிமேட்டுக்கு ஒரு நடை போய் விசைப்படகைப் பாருங்க. அங்க காத்து விஷயமே இல்ல. கடல்தண்ணிதான் எல்லாம். உள்ள இழுத்த தண்ணி பெரும்பாலும் கியர்பாக்ஸ் ஆயில் கூலரை முதல்ல தொட்டுட்டு, அப்புறம்தான் எஞ்சின் தண்ணியைக் குளிர வைக்கப் போகும். கொஞ்சம் சூட்டைக் கேக்கறவனுக்கு முதல் பந்தி, அதிகச் சூட்டுக்காரனுக்குக் கடைசிப் பந்தி. வலையைப் போட்டு மெதுவா இழுக்கும்போதும் தண்ணி ஓட்டம் நிக்காது, ஏன்னா பம்ப்பு எஞ்சினோட சுத்துது. படகுக்காரன் வேகத்தை நம்பல. நாம ஏன் நம்பறோம்?

இன்னொரு எதிரி எங்க காத்துலயே இருக்கு. கடல் உப்பு அலுமினியத் தகடை அரிக்கும். மேல கரித்தூள். 2011-ல நீதிமன்ற உத்தரவால சென்னைத் துறைமுகத்துலேர்ந்து நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்கு மாறிச்சு. ராயபுரம் பக்கம் மூச்சு விட்டாங்க, எண்ணூர்க்காரன் இருமறான். அந்தத் தூளும் பவர் ஹவுஸ் சாம்பலும் ரேடியேட்டர் இடுக்குல போய் உக்காந்துக்கும். முன்னாடி ஒரு கூலர் இருந்தா நடுவுல கழுவவே கை போகாது. புது லாரிங்கள்ல இன்டர்கூலர் ஏற்கெனவே வரிசையில நிக்குது. 2025-லேர்ந்து புது லாரிக்குக் கேபின் ஏசி கட்டாயம். டிரைவருக்கு எப்பவோ கிடைச்சிருக்க வேண்டியது, ரொம்ப சந்தோஷம். ஆனா அதோட கண்டென்சருக்கும் இடம் வேணும், பல வண்டியில அதுவும் அதே மூக்குலதான். அதே ஃபேன், அதே காத்து, பந்தியில இன்னொரு இலை.

மெக்கானிக்குங்க கோவிச்சுக்க வேணாம். "ஓனரு ரெண்டு மணி நேரத்துல வண்டியக் கேக்குறாரு, தகடு வெட்டி ஃபேன் வயரு இழுக்க எனக்கு ஏது நேரம்"னு ஒருத்தர் எங்கிட்டச் சொன்னது நியாயமான பதில். கிரில்லுல சொருகறது சீக்கிரம் முடியுற வேலை, அதனாலதான் அது வழக்கமாச்சு.

ஆனா நஷ்டம் யார் தலையில? வரிசையில ஊசி ஏறினா டிரைவர் என்ன பண்றார் தெரியுமா? கேபின் ஹீட்டரைத் திறந்து விடறார். எஞ்சின் சூட்டைத் தன் கால்மேல வாங்கி வண்டியைக் காப்பாத்தறார், மே மாச வெயில்ல! டிரிப்புக்கு இவ்வளவுன்னு சம்பளம் வாங்கறவருக்கு, ஓரங்கட்டி ஆறவிட்டா வரிசையில இடம் போகும், டிரிப் போகும். ஹெட் கேஸ்கட் போனா "நீ ஊசியப் பாக்கல"ன்னு பழியும் அவருக்கே. தப்பான இடத்துல கூலர் மாட்டினவன் பேரு அந்தப் பேச்சுல வரவே வராது. எனக்கு ஆத்திரம் வர்ற இடம் இதுதான்.

அதனால ஓனர்களுக்கு ஒரு வார்த்தை. கூலர் வாங்கறதுக்கு முன்னாடி, உங்க வண்டி ஒரு நாள்ல எத்தனை மணி நேரம் ஓடுது, எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு டிரைவர்கிட்ட கேளுங்க. எங்க மாட்டணுங்கிற பதில் அதுலயே இருக்கு. மெக்கானிக்குக்கு அரைநாள் கூடக் குடுங்க. அந்த அரைநாள் கூலி, ஒரு ஹெட் கேஸ்கட் செலவுல எந்த மூலைக்கு?

தூத்துக்குடி, கொச்சின் பக்கம் வண்டி ஓட்டற, ஓட்டின நண்பர்கள் யாராச்சும் இருந்தா, அங்க எங்க மாட்டறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: கூலருக்கு ஆயில் ஹோஸ் வாங்கும்போது தண்ணி ஹோஸை வாங்கி கிளிப் போட்டு முறுக்காதீங்க. ஆயில் பிரஷர் தாங்கற ஹோஸ்னு கேட்டு, ரெண்டு முனையும் பிரஸ் பண்ணி வாங்குங்க. நடு ரோட்டுல ஹோஸ் பிச்சுக்கிட்டா எஞ்சின் ஆயில் மொத்தமும் ரோட்டுல போயிடும், அதுக்கப்புறம் கூலர் எங்க இருந்தா என்ன?