ஏலச் சன்னி

"ஆழமறியாமற் காலை விடாதே" என்னும் பழமொழியை விரித்தெழுதுமாறு மாணவர்களை வருடந்தோறும் வருத்துபவன் நான். அத்தகைய நானே 2023 ஆம் ஆண்டில், ஓர் அரசாங்கக் காரியாலயத்தின் பின்வளவில், கண்களைத் திறந்துகொண்டே குழியில் இறங்கினேன். அந்தக் கதையை இவ்வாரம் கூறுகின்றேன்.

அம்மாவை மாதந்தோறும் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல ஒரு கார் தேவைப்பட்டது. அக்காலம் கார் வாங்குவதற்கேற்ற காலமன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களைப் பொறுத்தவரை 2025 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில், உலக வழக்கத்துக்கு மாறாக, கார்களுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறிற்று. மாதச் சம்பளக்காரனுக்கு எஞ்சிய நம்பிக்கை, பத்திரிகையில் வரும் அரசாங்க ஏல அறிவித்தல் ஒன்றே. என் இல்லாள் தன் கைக்காப்புகள் நான்கையும் கழற்றித் தந்தாள். அவற்றை வங்கியில் அடகு வைத்தேன்.

இத்தகைய ஏலத்தின் நிபந்தனைகள் கடுமையானவை. குறித்த நாளில் வாகனத்தைப் பார்வையிடலாம். ஓட்டிப் பார்த்தல் ஆகாது. உள்ளது உள்ளபடியே விற்பனை; பின்னர் முறைப்பாடு செல்லாது. ஏலத்தில் எடுத்தவர் அவ்விடத்திலேயே ஒரு பங்கைச் செலுத்தி, மிகுதியைத் தவணைக்குள் கட்டவேண்டும். தவறினால் முன்பு கட்டிய பணமும் போய்விடும்.

கராஜ் நடத்தும் என் பழைய மாணவன் ஒருவனையும் உடன் அழைத்துச் சென்றேன். இருபது வயதைக் கடந்த சிறிய கார் ஒன்று புல்லின் நடுவே நின்றது. செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று முதலிற் பார்த்தான். எஞ்சினில் எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்து, எண்ணெய் பால்போல வெளுத்திருக்கின்றதா என்று நோக்கினான். நீர் கலந்தால் அப்படி வெளுக்குமாம். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்களைக் காட்டினான். '2314' என்று இருந்தால், அது 2014 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்திற் செய்த ரயர். எல்லாம் பார்த்தபின், "சேர், ஆறு லட்சத்துக்கு மேலை போகாதேங்கோ" என்றான்.

ஏலம் 3 லட்சத்தில் தொடங்கியது. 5 லட்சத்தைத் தாண்டுமுன் பலர் ஒதுங்கினர். எண்ணெய்க்கறை படிந்த சேட்டு அணிந்த இளைஞன் ஒருவன் மட்டும் எஞ்சினான். காய்ச்சல் முற்றினால் மனிதர் சன்னி கண்டு பிதற்றுவர். ஏலத்திலும் அப்படியொரு சன்னி உண்டென்பதை அன்று அறிந்தேன். காரும் மறந்தது, காப்பும் மறந்தது, அந்த இளைஞனை வெல்லவேண்டும் என்பதொன்றே நினைவில் நின்றது. மாணவன் என் சேட்டைப் பிடித்து இழுத்ததும் உறைக்கவில்லை. 8 லட்சத்து 50 ஆயிரம் என்றேன். இளைஞன் புன்னகையோடு என்னைக் கைகூப்பி விலகினான். "மூன்றுதரம்" என்ற சொல்லைக் கேட்டு நான் பூரித்தேன்.

பூரிப்பு ஒரு கிழமை நிலைத்தது. பற்றறி இறந்திருந்தது, பிரேக்கின் றபர்கள் இறுகிப் போயிருந்தன, தாங்கியிற் கிடந்த பெற்றோல் கெட்டிருந்தது, மின்கம்பிகளை எலிகள் உண்டிருந்தன. எல்லாம் திருத்த 3 லட்சத்து 50 ஆயிரம் சென்றது. ஓடிக்கொண்டிருந்த அதே வகைக் காரொன்று, அதே 12 லட்சத்துக்கு எங்கள் அயலிலேயே விலைப்பட்டது.

இப்பிழை எனக்கு மட்டும் உரியதன்று. மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் உரிமைகளை ஏலத்தில் எடுத்த பெருங் கம்பனிகள் எதிர்பார்த்த இலாபத்தைக் காணாதது ஏன் என்று, 1971 ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பொறியியலாளர் மூவர் ஆராய்ந்து எழுதினர். ஒரு பொருளின் பெறுமதியைப் பலர் பலவாறு மதிப்பிடுவர். அவர்களுள் அளவுக்கு மிஞ்சி மதித்தவனுக்கே ஏலம் வாய்க்கும். ஆகவே வெற்றியே அவன் பிழைத்தமைக்குச் சான்றாகிவிடலாம். இதனை 'வென்றவனின் சாபம்' என்பர். ஏலங்களைப் பற்றிய ஆய்வுக்காகப் போல் மில்குரோம், றொபேட் வில்சன் என்னும் இருவர் 2020 ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பெற்றனர். அவர்களுடைய நூல்களைக் கற்காமலே அந்த எண்ணெய்க்கறை இளைஞன் இதனை அறிந்திருந்தான்.

நடந்ததை வீட்டில் விபரித்தபோது இல்லாள் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, அந்தப் பெடியன் உங்களைத்தான் கும்பிட்டவன் எண்டு நினைச்சியளோ? தன்னைக் காப்பாத்தின பிள்ளையாரையெல்லோ கும்பிட்டிருப்பான்!"

அதற்குமேல் அவள் ஒன்றும் கூறவில்லை. காப்புகளை மீட்கப் பதினாறு மாதங்கள் சென்றன. அவ்வளவு காலமும் கண்ணாடி வளையல்களோடு அவள் எனக்குச் சோறு பரிமாறினாள். ஒவ்வொரு வேளையும் அவ்வளையல்கள் ஒலித்தன. எந்த ஏசலும் அவ்வளவு உறைத்திராது.

ஏலத்துக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல்நாள் இரவே, திருத்தச் செலவையும் கழித்து, உங்கள் எல்லைத் தொகையை ஒரு கடதாசியில் எழுதுங்கள். அதை வீட்டிலுள்ளவரிடம் கொடுத்து, அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அத்தொகை தாண்டியதும் கைகூப்பிவிட்டு வீடு திரும்புங்கள்.

கார் இப்பொழுது நன்றாகவே ஓடுகின்றது. அம்மா முன்னாசனத்தில் அமர்ந்து கிளினிக்குக்குப் போகின்றார். "மலிவாய் வாங்கினதெண்டாலும் நல்ல கார், தம்பி" என்று வழியெல்லாம் மெச்சுகின்றார். நான் மறுத்துரைப்பதில்லை.