வானளாவிய அதிகாரம் கேட்ட வக்கீல்!

பாரிமுனையில் பஸ்சுக்கு நிற்பவர்களுக்கு இடம் தெரியும். இந்தப் பக்கம் ஐகோர்ட்டு. அந்தப் பக்கம் நடந்தே போகிற தூரத்தில் ஜார்ஜ் கோட்டை. இந்த இரண்டில் எது பெரிசு என்று ஒரு காலத்தில் பெரும் சண்டையைக் கிளப்பியவர் பி.எச்.பாண்டியன். வேடிக்கை என்னவென்றால், அவரே ஒரு வக்கீல்!

நெல்லைச் சீமையில் சேரன்மாதேவி தொகுதி. 1977-ல் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்தார். 1980, 1984-லும் அவரேதான். முதலில் துணை சபாநாயகர், 1985-ல் சபாநாயகர். அப்போது வயது நாற்பதுதான்.

"சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம்" என்றார். கோட்டைக்குள் நடப்பதில் கோர்ட்டு மூக்கை நுழைக்க முடியாது என்பது அவர் கட்சி. வாய்ப் பேச்சோடு நிற்கவில்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டப் பகுதியை எரித்ததற்காக, க.அன்பழகன் உள்பட தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 10 பேருக்கு 1986-ல் பதவி பறிபோனது.

ஒரு ஜோக்குக்கு 3 மாதம்

அடுத்த வருஷம் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இரண்டு பேர். ஒருவர் ஜேப்படித் திருடன் மாதிரி, இன்னொருவர் முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி. இதில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி? அவ்வளவுதான் விஷயம்.

சபைக்குக் கோபம் வந்துவிட்டது. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மன்னிப்பு கேட்க மறுத்தார். 1987 ஏப்ரல் 4-ந் தேதி மூன்று மாதக் கடுங்காவல் என்று தீர்மானம் போட்டு, கைது செய்து ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

போலீஸ் கோர்ட்டு வாசலில் தினமும் நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நிஜமாகவே ஜேப்படி செய்து பிடிபடுகிறவனைக்கூட 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்தணும். அவன் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். ஜாமீன் கேட்கலாம். அப்பீல் போகலாம். ஜேப்படித் திருடன் படம் போட்ட பத்திரிகை ஆசிரியருக்கு இதில் ஒன்றுமே கிடைக்கவில்லை! புகார் கொடுத்ததும் சபை, விசாரித்ததும் சபை, தண்டித்ததும் சபை. இது சரியில்லை என்பது சட்டக் கல்லூரிப் பையனுக்கே தெரியும். வக்கீல் பாண்டியனுக்குத் தெரியாதா? சபாநாயகர் பாண்டியன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாடு முழுக்க எதிர்ப்பு. இரண்டு மூன்று நாளிலேயே விட்டுவிட்டார்கள். பாலசுப்ரமணியன் சும்மா இருக்கவில்லை, ஐகோர்ட்டுக்குப் போனார். கைது தப்பு என்று சொல்லி, 1,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது ஐகோர்ட்டு. பாரிமுனைக் கட்டிடம் கோட்டைக் கட்டிடத்துக்குப் போட்ட அபராதம் என்றே வைத்துக்கொள்ளலாம். 1992-ல் சுப்ரீம் கோர்ட்டும், கட்சித் தாவல் விவகாரத்தில் சபாநாயகர் முடிவைக் கோர்ட்டு பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டது.

அதற்குள் பாண்டியனின் நாற்காலியே ஆட்டம் கண்டிருந்தது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் 1988 ஜனவரி 28-ல் ஜானகி அம்மாள் அரசு மீது நம்பிக்கை ஓட்டெடுப்பு. சபைக்குள் மைக் பறந்தது. போலீஸ் புகுந்து தடியடி நடத்தியது. தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தார் சபாநாயகர். இரண்டே நாளில் டெல்லி ஆட்சியைக் கலைத்தது. வானளாவிய அதிகாரம் அங்கே செல்லவில்லை.

ஆனால் மனுஷனை ஊர் கைவிடவில்லை. 1989-ல் ஜானகி அம்மாளே ஆண்டிப்பட்டியில் தோற்றார். பாண்டியன் சேரன்மாதேவியில் ஜெயித்தார். 1999-ல் நெல்லை எம்.பி. ஜெயலலிதா மரணத்தில் சந்தேகம் என்று 2017-ல் பகிரங்கமாகக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். 2020 ஜனவரி 4-ல் காலமானார்.

அவர் பிடித்துக்கொண்ட சட்ட ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. சபையின் உரிமைகள் இன்னின்ன என்று சட்டம் போடலாம், போடுகிற வரை பழைய வழக்கமே செல்லும் என்கிறது அரசியல் சட்டத்தின் 194-வது பிரிவு. 1950-லிருந்து அந்தச் சட்டத்தை யாரும் போடவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, கையில் இருக்கிற தடியை யார் விடுவார்கள்?

2003 நவம்பர் 7-ந் தேதி அதே கோட்டையில் வேறொரு சபாநாயகர் காலத்தில், 'இந்து' பத்திரிகைக்காரர்கள் ஐந்து பேருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் ஜெயில் என்று தீர்மானம் போட்டார்கள். அன்று மாலையே மவுண்ட் ரோடு 'இந்து' ஆபீசுக்குள் போலீஸ் நுழைந்தது. மூன்றாம் நாள் சுப்ரீம் கோர்ட்டு தடை கொடுத்த பிறகுதான் அவர்களால் வீடு திரும்ப முடிந்தது.