பழசும் இருக்கட்டுமே!

குட்டீஸ்... 'கராத்தேகா' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு, 1984ல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர் என்ற கல்லுாரி மாணவர். தன் கராத்தே ஆசிரியரை பிலிமில் படம் பிடித்து, அந்த அசைவுகளை அப்படியே வரைந்தார். இசை, அவர் அப்பாவுடையது. பிளாப்பி டிஸ்கை திருப்பி போட்டால், ஆட்டமே தலைகீழாக ஓடும். குறும்பை பாருங்களேன்!

அது ஓடிய ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு இன்று எங்கே போவது? 'டிஜிட்டல் எக்லிப்ஸ்' ஸ்டுடியோ, இன்றைய கருவிகளில் ஓடும்படி, 2023ல் அதை மீண்டும் வெளியிட்டது. மெருகேற்றிய புதுசோடு, பழசையும், ஆரம்பகால முயற்சிகளையும் சேர்த்தே கொடுத்தது.

இதுதான் சரி என்பேன். சில நிறுவனங்கள், புதுசு வந்ததும் பழசை விற்பனையிலிருந்தே துாக்கி விடுகின்றன. அப்புறம், இரண்டையும் நீங்கள் எப்படி ஒப்பிட்டு பார்ப்பீர்கள்? 'பழசு போர்' என்று சொல்லுங்கள், தப்பே இல்லை. ஆனால், விளையாடி பார்த்துவிட்டு சொல்லுங்கள்!