இசையை வகுப்பறைக்குக் கொண்டு வந்த பேராசிரியர்

"பாட்டு பிறவியிலேயே வரவேண்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. "சங்கீதம் சில குடும்பங்களின் சொத்து. மற்றவர்களுக்கு அது வராது" என்று சொல்பவர்களும் உண்டு.

இரண்டும் தவறு. இதை வாயால் சொல்லாமல், வாழ்நாள் முழுவதும் வகுப்பு நடத்தியே காட்டியவர் ஒருவர். அவர்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியராக விளங்கிய பி. சாம்பமூர்த்தி.

அவர் காட்டிய வழி எர்ணாவூர்ப் பிள்ளைகளுக்கு இன்றுவரை வந்து சேரவில்லை. அதனால்தான் அவருடைய கதையை இப்போது நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பியானோ வாத்தியார்

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பியானோ கற்பிப்பதற்கென்றே பேராசிரியர்கள் இருக்கிறார்கள். கணக்கு வாத்தியாரைப் போல அவரும் ஒரு வாத்தியார். அவருக்கும் பாடத்திட்டம் உண்டு. முதல் படி, இரண்டாம் படி என்று பயிற்சிப் புத்தகங்கள் உண்டு. தேர்வு உண்டு. பட்டமும் உண்டு. மாணவன் யாருடைய மகன் என்பது அங்கே கேள்வி அல்ல. அவன் விரல் எப்படி ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. இசை கற்க வேண்டுமானால் குருவின் வீட்டில் தங்க வேண்டும். தண்ணீர் சுமக்க வேண்டும். வீட்டு வேலை செய்ய வேண்டும். குரு மனம் வைத்தால் பாடம் நடக்கும். பெரிய வித்துவான்கள் பலர் இப்படித்தான் உருவானார்கள். அந்த முறைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் குரு வீட்டுக் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. பெண்களுக்கும், இசைக் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கும் அது பெரும்பாலும் மூடியே இருந்தது.

அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவைத் திறந்தவர்களில் முக்கியமானவர் சாம்பமூர்த்தி.

சட்டம் படித்தவர்

1901-ம் ஆண்டில் பிறந்த சாம்பமூர்த்தி, சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் மனம் இசையின் பக்கம் போயிற்று.

1928-ம் ஆண்டில் சென்னை ராணி மேரி கல்லூரியில் இசை விரிவுரையாளர் ஆனார். அது பெண்கள் கல்லூரி. 1914-ம் ஆண்டில் தொடங்கியது. குரு வீட்டில் போய்த் தங்க முடியாத பெண்கள், புத்தகப் பையோடு கல்லூரிக்கு வந்து, மணி அடித்ததும் இசை வகுப்பில் உட்கார்ந்தார்கள். இன்று இது சாதாரணமாகத் தோன்றும். அன்று அது பெரிய மாறுதல்.

1931-ம் ஆண்டில் அவர் ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரத்துக்குப் போனார். அங்கே மேல்நாட்டு இசையின் இலக்கணத்தைப் படித்தார். இரண்டு நாட்டு இசையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறையையும் கற்றுக்கொண்டார்.

திரும்பி வந்தவர் கர்நாடக இசையை விட்டுவிட்டு மேல்நாட்டு இசையைப் பரப்பினாரா? இல்லை. அங்கே பாடம் நடத்தும் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டார். பாடத்தை நம் இசையிலிருந்தே எடுத்தார்.

ஆறு புத்தகங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1932-ம் ஆண்டில் இந்திய இசைத்துறை தொடங்கியது. 1937-ம் ஆண்டு முதல் 1961-ம் ஆண்டு வரை அந்தத் துறைக்குத் தலைமை வகித்தவர் சாம்பமூர்த்தி. பின்னர் திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தார்.

அவர் எழுதிய "தென்னிந்திய இசை" என்னும் ஆங்கில நூல் ஆறு பாகங்கள் கொண்டது. முதல் பாகம் புதிதாகக் கற்பவனுக்கு. அதிலிருந்து படிப்படியாக ஏறி, ஆராய்ச்சி மாணவன் வரையில் போகலாம். பியானோ மாணவனுக்கு மேல்நாட்டில் எப்படி ஓர் ஏணி இருக்கிறதோ, அப்படி நம் இசை மாணவனுக்கும் ஓர் ஏணி கிடைத்தது. இசைக்கும் இசைவாணர்களுக்கும் ஓர் அகராதியும் எழுதினார். தியாகராஜரின் "நௌகா சரித்திரம்" என்னும் இசை நாடகத்தைப் பதிப்பித்தார்.

1971-ம் ஆண்டில் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1973-ம் ஆண்டில் காலமானார். அவர் தயாரித்த இசை ஆசிரியர்களும், அந்த ஆசிரியர்களிடம் படித்தவர்களும் பல ஊர்களில் பாடம் நடத்தினார்கள்.

வடசென்னையின் பங்கு

"இதெல்லாம் மயிலாப்பூர்க் கதை. எர்ணாவூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று யாராவது கேட்கலாம்.

சம்பந்தம் உண்டு. அது பழைய சம்பந்தம்.

எர்ணாவூருக்குப் பக்கத்து ஊர் மணலி. இன்று மணலி என்றால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நினைவுக்கு வரும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு மணலி என்றால் முத்துகிருஷ்ண முதலியார் நினைவுக்கு வருவார். கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷியாக இருந்தவர் அவர். இசைக் குடும்பம் ஒன்றை மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தார். அது ராமசாமி தீட்சிதரின் குடும்பம். அவருடைய மூத்த மகன்தான் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர்.

முத்துசாமி தீட்சிதர் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதப் பாட்டு எழுதினார். இவற்றுக்கு "நோட்டுஸ்வரம்" என்று பெயர். ஆங்கில மன்னர் வாழ்த்தின் மெட்டுகூட அவற்றில் ஒன்று. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அந்த வயலின்தான் இன்று ஒவ்வொரு கச்சேரியிலும் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த ஊர் திருவொற்றியூர். அங்கே கோயில் கொண்டிருக்கும் வடிவுடையம்மன் மீது தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். "திருவொற்றியூர் பஞ்சரத்தினம்" என்று அவற்றை இன்றும் பாடுகிறார்கள்.

மேல்நாட்டு இசையும் நம் இசையும் கைகுலுக்கிய மண் வடசென்னை. இதை இங்குள்ள பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

வயலின் வந்தது, பியானோ?

வயலின் நம் இசையில் கலந்துவிட்டது. பியானோ ஏன் கலக்கவில்லை? காரணம் எளியது.

வயலின் தந்தியில் விரலை வழுக்கலாம். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு இழைந்து போகலாம். இந்த அசைவுக்குப் பெயர் கமகம். கர்நாடக இசைக்கு அதுதான் உயிர். பியானோவில் 88 கட்டைகள் இருக்கின்றன. ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் தந்தியைத் தட்டும். அந்தக் கட்டைக்கு உரிய ஒலிதான் வரும். அதை வளைக்க முடியாது.

ஆனால் பியானோவுக்கு வேறு பெருமை உண்டு. பத்து விரலாலும் ஒரே நேரத்தில் பல சுரங்களை ஒலிக்கச் செய்யலாம். சினிமா இசைக்கும், தேவாலய இசைக்கும் இந்த அறிவு வேண்டும்.

அந்த அறிவையும் கற்றுக்கொள்ள முடியும். தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். கிராமத்துப் பிள்ளைக்கு நல்ல வாத்தியார் கிடைத்தார். மற்றது உலகத்துக்கே தெரியும்.

சோறா, சுரமா?

எர்ணாவூர் உழைப்பாளிகளின் ஊர். ஆலைத் தொழிலாளர்களும், மீனவர்களும், கூலி வேலை செய்பவர்களும் வாழும் இடம். சுனாமியில் வீடு இழந்தவர்களுக்குக் கட்டிய குடியிருப்பும் இங்கே இருக்கிறது. லாரிப் புழுதியும் ஆலைப் புகையும் இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிப் போனவை.

"இப்படிப்பட்ட இடத்தில் முதலில் வேண்டியது வேலையும் சுகாதாரமும். பாட்டு எதற்கு?" என்று கேட்பது நியாயமாகத் தோன்றும்.

ஆனால் இந்த மக்களிடம் பாட்டு இல்லாமல் இல்லை. சாவு வீட்டில் கானா பாடுகிறார்கள். கோயில் திருவிழாவில் மேளம் அடிக்கிறார்கள். தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறார்கள். பெட்டியின் முதுகைத் தட்டித் தாளம் போடும் பையனுக்குக் காது இருக்கிறது, கை இருக்கிறது. அவனுக்கு இல்லாதது ஏணி ஒன்றுதான்.

இசை ஒரு தொழிலும்கூட. இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை உண்டு. பட்டம் பெற்றவன் பள்ளியில் ஆசிரியர் ஆகலாம். தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைக்கும் என்று 2013-ம் ஆண்டு முதல் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் மேல்படிக்கட்டை மட்டும் கட்டினால் போதுமா? கீழ்ப்படிக்கட்டு இல்லாமல் பிள்ளை எப்படி ஏறுவான்?

செய்ய வேண்டியது

பெரிய மாளிகை கட்டத் தேவையில்லை. விலையுயர்ந்த பியானோவும் தேவையில்லை. மாலையில் பள்ளிக்கூடம் விட்டபின் வகுப்பறைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. அவற்றில் ஓர் அறை போதும். ஓர் ஆர்மோனியம், இரண்டு கீபோர்டு, ஒரு மிருதங்கம், ஒரு பறை போதும். வாரத்தில் மூன்று நாள் வரும் தகுதியுள்ள ஆசிரியர் ஒருவர் வேண்டும். அவருக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுக்க வேண்டும். மாநகராட்சி மனம் வைத்தால் இது நடக்கும். சுற்றியுள்ள பெரிய ஆலைகளும் கை கொடுக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. பையன் தாளம் போட்டால் "படிக்கிற வேலையைப் பார்" என்று அதட்டாதீர்கள். அதுவும் படிப்புதான். பெண் பாடினால் வாயை அடைக்காதீர்கள். ராணி மேரி கல்லூரியில் 1928-ம் ஆண்டிலேயே பெண்கள் பாட்டைப் பாடமாகப் படித்தார்கள்.

சட்டம் படித்த சாம்பமூர்த்தி, இசை எல்லாருக்கும் கற்பிக்கக் கூடியது என்று வாதாடி வென்றார். அவர் வென்ற வழக்கின் பலன் எர்ணாவூர்ப் பிள்ளைகளுக்கும் சேர வேண்டும். அதற்கு முதல் செலவு ஒரு வாத்தியாரின் சம்பளம்தான்.