நெல்லும் மீனும் இருக்கும் ஊரிலும் சத்துக் குறையும்

"மேற்கே வயல், கிழக்கே கடல். சம்மாந்துறையில் நெல், சாய்ந்தமருதுக் கரையில் மீன். வருடம் முழுக்க வெயில், கொஞ்சம் தோண்டினால் தண்ணீர். இந்த மண்ணில் பிறந்தவருக்கு என்ன சத்துக் குறைவு?" கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எங்கள் கரையோர ஊர்களில் இப்படிப் பேசாத வீடு குறைவு. கர்ப்பிணிக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்னால், "நாளும் மீன் தின்கிற பிள்ளைக்கு எப்படிக் குறையும்?" என்று மாமி கேட்கிறார். கொடுத்த குளிசை அலுமாரியிலேயே கிடக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். சோறு உழைக்கும் சக்தியைத் தருகிறது. மீன் நல்ல புரதத்தையும் விற்றமின் பி12-ஐயும் தருகிறது. ஆனால் விற்றமின்களும் கனியுப்புகளும் மில்லிகிராம், மைக்ரோகிராம் கணக்கில் தேவைப்படுபவை. அவை குறைந்தால் வயிறு பசிக்காது. களைப்பாக, வெளிறிய முகமாக, பிள்ளையின் படிப்பில் கவனமின்மையாக மெல்லத்தான் வெளிப்படும். வயிறு நிறைந்ததைச் சத்து நிறைந்ததற்குச் சாட்சியாக்குவதே இந்த வாதத்தின் அடிப்படைப் பிழை.

1. "சோற்றில் எல்லாச் சத்தும் இருக்கிறது"

இல்லை. தீட்டிய வெள்ளை அரிசியில் விற்றமின் ஏ, சி, டி, பி12 எதுவும் இல்லை என்றே சொல்லலாம். இருந்த பி1-இல் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசி அவற்றைத் தேற்றுவதையும் 1890களில் ஜாவாவில் கண்டவர் டச்சு வைத்தியர் கிறிஸ்தியான் எய்க்மன். மனிதரைத் தாக்கும் பெரிபெரி நோயின் காரணம் விளங்கியது அந்த வழியில்தான். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நெல்லை அவித்துக் குற்றும்போது தவிட்டிலுள்ள பி1-இல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். எனவே புழுங்கல் அரிசியும், அதிகம் தீட்டாத சிவப்பரிசியும் வெள்ளைப் பச்சையரிசியைவிட மேலானவை. பலமுறை கழுவி, கஞ்சியை வடித்து ஊற்றினால் மிஞ்சியதும் தண்ணீரோடு போகும். எந்த அரிசியானாலும், பக்கத்தில் கீரையும் பருப்பும் பழமும் இல்லாவிட்டால் அந்தப் பீங்கான் முழுமையாகாது.

2. "மீன் தின்றால் இரத்தம் ஊறும்"

கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 27 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பெரும்பாலான மீனில் 100 கிராமுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான் இருக்கிறது. வெள்ளைச் சோற்றில் அரை மில்லிகிராம்கூட இல்லை. மீனின் பெரிய உதவி வேறு இடத்தில்: கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதற்கு அது துணை நிற்கிறது. தேசிக்காய்ப் புளியும் அந்த வேலையைச் செய்யும்.

அதைக் கெடுப்பது சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணீர். தேயிலையின் துவர்ப்பு, தாவர உணவின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. உடலில் சேரவேண்டியதில் பாதிக்கு மேல்கூட இதனால் குறையலாம். பிளேன்டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள் என்றுதான் சொல்கிறோம். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் கல்சியக் குளிசையையும் வெவ்வேறு நேரத்தில் எடுக்க வேண்டும். சேர்த்து விழுங்கினால் கல்சியம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். இரும்புக் குளிசையால் மலம் கறுத்தால் பயந்து நிறுத்தவும் வேண்டாம்.

மீனிலும் எந்த மீன் என்பது முக்கியம். அறுக்குளாத் துண்டின் சதையில் கல்சியம் சொற்பம். முள்ளோடு மென்று தின்னும் நெத்தலியில் அது நிறைய. மலிவு மீன் என்று ஒதுக்கும் அந்த நெத்தலிதான் வளரும் பிள்ளையின் எலும்புக்கு உதவுகிறது.

3. "கடலோரத்தாருக்கு அயடின் உப்பு எதற்கு?"

கடல் உப்பில் அயடின் இயல்பாகவே இருக்கிறது என்ற நம்பிக்கை பலமானது. கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பும் அதிகமாகப் போனால் 60 மைக்ரோகிராம் அயடினும் உண்டு. அந்த அயடின் முழுவதும் உப்பிலேயே தங்கினாலும் 5 கிராம் உப்பில் 9 மைக்ரோகிராமைத் தாண்டாது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150, கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம் தேவை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் அயடின் சேர்த்த உப்பாக இருந்தால் அதே 5 கிராம் 100 மைக்ரோகிராம் தரும்.

கடல்மீனில் அயடின் உண்டு. ஆனால் மீனுக்கு மீன் அளவு வேறு. கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத நாட்களும் உண்டு. அயடின் குறைந்தால் கழுத்தில் கழலை வருவது ஒரு பக்கம். வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவது அதைவிடப் பெரிய இழப்பு. இலங்கை 1990களிலேயே உப்பில் அயடினைக் கட்டாயமாக்கியது இதற்காகத்தான். கரையோரத்துக்கு அதில் விலக்கு இல்லை. உப்பை மூடி வையுங்கள், அடுப்பருகே வைக்காதீர்கள், கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள். அயடினுக்காக உப்பைக் கூட்டவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள்.

4. "இந்த வெயிலில் விற்றமின் டி குறையுமா?"

குறையும். வெயில் ஊரில் இருப்பதால் பயனில்லை, தோலில் பட வேண்டும். வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் வகுப்பறையிலும் பகலைக் கழிப்பவருக்கு அது படுவதில்லை. யன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் விற்றமின் டி-யை உருவாக்காது. கறுத்த தோலுக்கு நேரமும் கூட வேண்டும். இளங்காலை வெயிலே சிறந்தது என்பதும் சரியல்ல. நிழல் நம்மைவிட நீண்டிருக்கும்போது இந்த விற்றமின் மிகக் குறைவாகவே உண்டாகிறது.

பெண்களின் உடையைக் குறை சொல்வது இதற்குத் தீர்வல்ல. மதில் மறைத்த சொந்த வளவில், நிழல் குறுகிய நேரத்தில், கையும் காலும் வெயில்பட அடிக்கடி சிறிது நேரம் இருந்தால் போதும். கொழுப்புள்ள சிறுமீன்களும் உதவும்.

5. "கிணற்றுத் தண்ணீர் தெளிவானது, நல்லது"

உணவுச் சத்துகளில் முதலாவது தண்ணீர். வளர்ந்தவரின் உடல் எடையில் பாதிக்கு மேல் அதுதான். சத்துகளைக் கரைத்துக் கொண்டுபோவதும் கழிவை வெளியேற்றுவதும் உடலைக் குளிர்விப்பதும் அதன் வேலை. எங்கள் மணற்கரையில் மழைநீர்தான் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து கிணற்றுக்கு வருகிறது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளை அழித்தபோது கிணறுகளும் உப்பாகின. அம்பாறை மாவட்டம் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களை இழந்த நாள் அது. இந்தத் தண்ணீர் எவ்வளவு எளிதில் கெடும் என்பதை அன்று பார்த்தோம்.

நெருக்கமான வளவுகளில் மலக்குழியும் கிணறும் அருகருகே இருந்தால், மணல் வழியாகக் கிருமியும் நைத்திரேற்றும் இறங்கும். கண்ணுக்கு இரண்டும் தெரியாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றும் உப்பும் அப்படியே இருக்கும். அடிக்கடி வயிற்றோட்டம் வரும் பிள்ளைக்கு எவ்வளவு ஊட்டினாலும் சத்து உடலில் தங்காது. வயிற்றோட்டத்தில் தண்ணீரை நிறுத்துவது ஆபத்து. ஜீவனி (வாய்வழி நீரேற்று உப்பு) கரைத்துக் கொடுக்க வேண்டும். அதோடு 10 முதல் 14 நாள் நாகச்சத்தும் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட, சுகமாக இருக்கும் குழந்தைக்கோ எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர் வேண்டாம். நோன்பு காலத்தில் இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையில் தண்ணீரைப் பல முறையாகப் பகிர்ந்து குடிப்பது, ஒரேயடியாகக் குடிப்பதைவிட நல்லது.

6. "குறைந்தால் சத்து மாவும் விற்றமின் குளிசையும் வாங்கினால் சரி"

மேலே சொன்னதை ஏற்பவர்களில் பலர் நேராகப் பாமசிக்குப் போகிறார்கள். அதுவும் பிழை. கர்ப்பிணிக்கு மருத்துவ மாது தரும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உணவால் நிரப்ப முடியாத தேவைக்கு அளந்து கொடுக்கப்படுபவை. அவற்றைத் தவறாமல் எடுக்க வேண்டும். தானாக வாங்கி விழுங்குவது அப்படியல்ல. விற்றமின் ஏ உடலில் தேங்கும். கர்ப்பத்தில் மிகுந்தால் சிசுவைப் பாதிக்கும். அதே விற்றமினுக்கு வேண்டிய மூலப்பொருள் வளவு முருங்கையிலும் பப்பாசியிலும் பூசணியிலும் இருக்கிறது. அது உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். முருங்கையிலைச் சுண்டலுக்குத் தேங்காய்ப்பூ போடும் எங்கள் உம்மாமாரின் கைப்பக்குவம் அதைத்தான் செய்கிறது.

மாவட்டத்தில் எவ்வளவு நெல் விளைந்தது, எவ்வளவு மீன் பிடிபட்டது என்ற கணக்கு எந்தத் தாயின் இரத்தத்தையும் அளந்து சொல்லாது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் பெரும்பாலும் பெண்தான். மீன் துண்டும் கீரையும் முடிந்து குழம்பும் சோறும் மிஞ்சிய நேரம் அது. கர்ப்பிணிக்கும் வளரும் பிள்ளைக்கும் முதலில் பரிமாறுங்கள். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்றால் அந்த அளவை நம்புங்கள், ஊரின் பெருமையை அதற்கு எதிராக வைக்காதீர்கள். எங்கள் மண்ணும் கடலும் தருவது ஏராளம். அதை யாருக்கு, எதனோடு, எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பது எங்கள் கையில் இருக்கிறது, அந்தப் பொறுப்பை நெல்லின் மேலும் மீனின் மேலும் போட முடியாது.