செம்பனை வெறுங்குலையில் செல்லுலோஸ்: கழிவா, காசா?

தாப்பாவ் வாங்கிய பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் 'செடி நாரால் ஆனது' என்று அச்சிட்டிருக்கும். மரம் வெட்டவில்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒரு செடியின் நார் பெட்டியாகவோ காகிதமாகவோ மாறுவதற்குள் அதற்கு என்னென்ன நடக்கிறது தெரியுமா?

அந்த நார் கரும்புச் சக்கையாக இருக்கலாம், மூங்கிலாக இருக்கலாம், வைக்கோலாகவும் இருக்கலாம். மலேசிய ஆய்வாளர்கள் அதிகம் கவனிப்பது செம்பனை வெறுங்குலையை.

ஏன் வெறுங்குலை?

100 கிலோ செம்பனைப் பழக்குலை ஆலைக்குள் போனால் ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய் கிடைக்கும். பழம் உதிர்ந்தபின் மிஞ்சும் வெறுங்குலையும் கிட்டத்தட்ட அதே எடை, 20 கிலோவுக்குச் சற்று மேல். மலேசிய ஆலைகள் ஆண்டுக்கு 90 மில்லியன் டன்னுக்கு மேல் பழக்குலைகளைக் கையாள்கின்றன. அப்படியென்றால் எவ்வளவு வெறுங்குலை சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தோட்டத்தில் வேலை செய்த தாத்தா, பாட்டியைக் கேட்டால் அந்தக் குவியலைப் பற்றிச் சொல்வார்கள்.

உள்ளே என்ன இருக்கு?

பெரும்பாலான செடி நார்களில் மூன்று முக்கியப் பொருள்கள் உண்டு. செல்லுலோஸ்தான் கம்பி. லிக்னின் அதைச் சுற்றியிருக்கும் சிமெண்ட். ஹெமிசெல்லுலோஸ் இரண்டையும் பிணைத்து வைக்கிறது. காய்ந்த வெறுங்குலையில் செல்லுலோஸ் சுமார் 40 விழுக்காடு. பருத்தியில் அது 90 விழுக்காடு.

ஒரு விஷயத்தை மறந்துடாதீங்க. ஆலையிலிருந்து வெளிவரும் வெறுங்குலையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஈரத்தோடு 100 கிலோ எடுத்தால் கடைசியில் கையில் மிஞ்சும் செல்லுலோஸ் சுமார் 14 கிலோ.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதலில் நாரைக் கழுவி, அரைத்து, எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவார்கள். அடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்குவார்கள். அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்க ஊற்றுகிறோமே, அதே காஸ்டிக் சோடாதான். லிக்னினின் பெரும்பகுதியும் ஹெமிசெல்லுலோஸும் அதில் கரைந்து வெளியேறும். மிச்சமிருக்கும் பழுப்பு நிறத்தைச் சோடியம் குளோரைட் அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுப்பார்கள். மிஞ்சுவது பஞ்சு போன்ற வெள்ளைப் பொருள்.

அதோடு நிறுத்தாமல் அடர்ந்த கந்தக அமிலத்தில் இட்டால், மைக்ரோஸ்கோப்பிலும் எளிதில் தெரியாத நானோ செல்லுலோஸ் கிடைக்கும்.

வெள்ளையா இருந்தா போதுமா?

போதாது. நிறத்தை வைத்துத் தூய்மையைச் சொல்ல முடியாது. அதனால்தான் நான்கு சோதனைகள்.

எஃப்டிஐஆர்: அகச்சிவப்பு ஒளியைச் செலுத்திப் பார்ப்பது. லிக்னினுக்கு உரிய அடையாளம் மறைந்திருந்தால் அது நீங்கிவிட்டது என்று பொருள்.

எக்ஸ்ஆர்டி: எக்ஸ் கதிர்கள்மூலம் செல்லுலோஸ் சங்கிலிகள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன என்று அளப்பது. ஒழுங்கு கூடினால் விறைப்பும் கூடும்.

டிஜிஏ: சூடாக்கிக்கொண்டே எடை குறைவதைக் கவனிப்பது. பிளாஸ்டிக்கோடு கலந்து உருக்கும்போது நார் கருகக்கூடாது அல்லவா?

எலக்ட்ரான் நுண்ணோக்கி: நாரின் மேற்பரப்பைப் பெரிதாக்கிக் காட்டுவது. வெறுங்குலை நாரில் முள் உருண்டைபோல் சிலிக்கா ஒட்டியிருக்கும். அது போய்விட்டதா என்பது இங்கே தெரியும்.

அப்படின்னா சிக்கல் எங்கே?

முதலாவது, கழிவுநீர். லிக்னின் கரைந்த கறுப்பு நீரை அப்படியே ஆற்றில் விட முடியாது. மரக்கூழ் ஆலைகள் அதை எரித்து ரசாயனத்தை மீட்கின்றன. வெறுங்குலை போன்ற நாரில் சிலிக்கா அதிகம் என்பதால் அந்த மீட்பு கடினமாகிறது, செலவும் ஏறுகிறது.

இரண்டாவது, மண். வெறுங்குலை உண்மையில் 'கழிவு' அல்ல. அதில் பொட்டாசியம் நிறைய உண்டு. பல தோட்டங்கள் அதை மரத்தடியில் பரப்புகின்றன. மண்ணின் ஈரம் காக்கப்படும், உரச் செலவும் குறையும். அத்தனையையும் ஆலைக்கு அனுப்பிவிட்டால் அந்தச் சத்துக்கு ஈடாகத் தோட்டம் உரம் வாங்க வேண்டும். சிறு தோட்டக்காரருக்கு அது பெரிய செலவு.

மூன்றாவது, தேவை. உணவுப் பெட்டிக்கு மிகத் தூய்மையான செல்லுலோஸ் வேண்டியதில்லை, கூழே போதும். மருந்து மாத்திரைக்கும் நானோ பொருளுக்கும்தான் உயர்ந்த தூய்மை தேவை. தேவைக்கு மேல் வெளுப்பது ரசாயனத்தையும் தண்ணீரையும் வீணாக்கும்.

நீங்கள் என்ன கவனிக்கலாம்?

ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிக்கும் திட்டத்தை மலேசியா 2018இல் அறிவித்தது. மாற்றுப் பொருள்களுக்கான தேவை கூடும். 'செடி நார்' என்ற சொல்லும் இன்னும் அதிகமாகக் கண்ணில் படும்.

அடுத்த முறை அந்தச் சொல்லைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் செடி? பிரித்தெடுத்த தண்ணீர் எங்கே போச்சு? அந்த நாரை எடுக்காமல் விட்டிருந்தால் அது என்ன வேலை செய்துகொண்டிருக்கும்? பதில் சொல்லத் தயாராக இருக்கும் நிறுவனத்தின் பெட்டியை நம்பி வாங்கலாம்.